அகப்பையும் அறமும்

பிறப்பு ஒருவருடைய தொழிலை நிர்ணயிக்காது என்பது பௌத்தத்தின் முதற்பாடங்களுள் ஒன்று. வாசெட்டன் என்னும் அந்தண இளைஞனுக்குப் பகவன் புத்தர் இதனை விளக்கிய வரலாறு சுத்தநிபாதத்தில் உள்ளது. புல்லும் மரமும், புழுவும் பறவையும் பிறப்பினாலேயே வேறுவேறு இனங்களாக அமைந்தவை. மக்களிடையே அத்தகைய வேறுபாடு இல்லை. நிலத்தை உழுவதனால் ஒருவன் உழவனாகிறான், பொருளை விற்பதனால் வணிகனாகிறான் என்று அவர் எடுத்துக் காட்டினார். செய்கை பெயரைத் தருகிறது. பெயர் செய்கையை விதிப்பதில்லை.

இப்பாடத்தின் பொருட்டே நம்மவருட் பலர் இத்தம்மத்தைத் தழுவினர். தந்தை செத்த மாட்டைத் தூக்கினால் மகனும் தூக்க வேண்டும், தந்தை பிறர் வயலில் அடிமையாக உழைத்தால் மகனும் அவ்வாறே உழைக்க வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்தே பழைய கட்டினின்று வெளியேறினர். அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவ்விதி, கொல்லைப்புறமாக வந்து அடுக்களையில் அமர்ந்திருக்கலாமா? ஆணாகப் பிறந்தவன் உண்பான், பெண்ணாகப் பிறந்தவள் ஆக்குவாள். அவன் உடுப்பான், அவள் துவைப்பாள் என்பதும் பிறப்பினால் தொழிலை விதிப்பதேயன்றோ? இவ்வினாவை நாம் ஈண்டு ஆராய்வோம்.

இதனை ஆராய்வதற்குத் தக்க இடம் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை அப்புறம், பாறசாலை இப்புறம். எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி வாழ்க்கையைப் பிரிக்கவில்லை.

சமத்துவம் என்னும் சொல் இம்மண்ணுக்குப் புதிதன்று. தென் திருவிதாங்கூரில் சான்றார் குலப் பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் அவமதிப்பும் பட்டுப் போராடினர். 1859இல் மன்னர் உத்திரம் திருநாள் அவ்வுரிமையை அறிவிக்க நேர்ந்தது. 1888இல் நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு, பிரதிட்டை செய்யும் உரிமை ஒரு குலத்தார்க்கே உரியது என்ற வழக்கத்தைத் தம் செயலால் மறுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐயன்காளி, பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை ஊருட்டம்பலத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளி தீக்கிரையாயிற்று. எனினும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

இத்துணைப் போராட்டங்களைக் கண்ட ஊர்களிலும் விடியற்காலையில் முதலில் எழுபவள் யார் என்று பாருங்கள். முற்றம் பெருக்கி, கிணற்றில் நீரிறைத்து, அடுப்பு மூட்டி, மரச்சீனிக் கிழங்கை அவித்து, தேங்காய் துருவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அதன் பின்பே முந்திரி ஆலைக்கோ நூறு நாள் வேலைக்கோ ஓடுபவள் அவளே. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் கேரளத்தில் பணி செய்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருந்தனர். அங்கே கூலி பெற்றுத் திரும்பியதும் கூலியில்லாத வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, ஊதியம் ஒன்றுக்கே.

இது வெறும் ஊகமன்று; கணக்கே இருக்கின்றது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் மீண்டும் எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம் என்று வந்தது. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்ததென்று மகிழ்வோர், ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்ததை நோக்க வேண்டும். இடைவெளி 202 நிமிடமாக இருந்தது 201 ஆயிற்று! மேலும், இது வேலையில் ஈடுபட்ட ஆண்களின் கணக்கே. நூறு ஆண்களுள் அவ்வாறு ஈடுபட்டோர் ஏறத்தாழ 27 பேர். பெண்களுள் எண்பதுக்கும் மேற்பட்டோர். நாளொன்றுக்கு 289 நிமிடம் என்பது ஓராண்டில் எட்டு மணிநேர வேலைநாள்களாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 220 நாள். யாரேனும் நமக்கு ஆண்டில் 220 நாள் உழைத்துத் தந்தால் அதனை ‘உழைப்பு’ என்போம். மனைவி தந்தால் மட்டும் ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்று கூறுவது எவ்வகை நியாயம்?

‘அவன் வெளியே சென்று பொருளீட்டுகிறான், அவள் வீட்டைப் பேணுகிறாள், இது நியாயமான பங்கீடு’ என்று சிலர் கூறுவர். இக்கூற்றை இவ்வூர்த் தொழில்களைக் கொண்டே சோதிப்போம். பனையேறுபவன் காலையும் மாலையும் மரமேறி அக்கானி இறக்குகிறான். அது உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இறக்கிய அக்கானி அன்றே காய்ச்சப்படாவிடில் புளித்துப் போகும். விறகு சேர்த்து, வெயிலிலும் புகையிலும் நின்று மணிக்கணக்காகக் கிண்டிக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குபவள் அவன் மனைவி. சந்தையில் விலைபோவது கருப்பட்டி. வருமானம் யாருடையதென்று கேட்டால் ‘பனையேற்றக்காரருடையது’ என்பர். பாலராமபுரத்து நெசவும் இத்தகையதே. தறியில் அமர்ந்து நெய்பவனுக்கு முழத்துக்குக் கூலி உண்டு. தறிக்கு வேண்டிய தாரைச் சுற்றித் தரும் வீட்டுப் பெண்ணின் உழைப்பு அக்கூலிக்குள் மறைந்துவிடுகின்றது. ஆதலின், ஆண் ஈட்டுகிறான், பெண் உண்கிறாள் என்பது மெய்யன்று. இருவரும் ஈட்டுகின்றனர், ஒருவர் பெயரில் எழுதப்படுகின்றது.

இனி, ‘சமைத்தல் பெண்ணின் இயல்பு, ஆணுக்கு அது வராது’ என்பார் கூற்றைக் காண்போம். கலியாணப் பந்தலில் ஆயிரம் பேருக்குச் சோறாக்குபவர் யார்? தேநீர்க் கடையில் ஆற்றுபவர் யார்? உணவுச் சாலைகளில் அகப்பை பிடிப்பவர் யார்? பெரும்பாலும் ஆண்களே. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற இவ்வூர் இளைஞர்கள் ஓர் அறையில் பலராக வாழ்ந்து, முறைவைத்துச் சமைத்து, முறைவைத்துப் பாத்திரம் கழுவியவர்களே. அங்கே மீன் குழம்பு வைத்த கை, விமானத்தினின்று இறங்கியதும் அக்கலையை மறந்துவிடுவது வியப்பன்றோ? கூலி கிடைக்குமிடத்தில் ஆணின் இயல்பாக இருக்கும் சமையல், கூலியில்லாத இடத்தில் பெண்ணின் இயல்பாக மாறுகின்றது. இதற்கு இயல்பு என்ற பெயர் பொருந்தாது. வழக்கம் என்பதே பொருந்தும். வழக்கத்தை மாற்றலாம்.

தாய்வழி மரபு வழங்கிய நாட்டில் பெண் உயர்நிலையில் இருந்தாளே என்பாரும் உளர். மருமக்கட்தாயத்தில் சொத்துரிமை பெண்வழி இறங்கியது மெய். ஆனால் தறவாட்டை நிர்வகித்தவர் காரணவர் என்னும் ஆண்மகனே. அடுக்களைப் புகை பெண்களின் பங்கே. சொத்து எவ்வழி இறங்கினும் உலக்கை ஒரே கையில்தான் இருந்தது. எனவே சட்டமும் சொத்தும் மாறினால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நடக்கும் நாளாந்த நடத்தையும் மாற வேண்டும்.

ஓர் உழைப்பின் மதிப்பு அது நிற்கும்போதுதான் தெரிகின்றது. தம் மக்களைப் பள்ளியிற் சேர்க்க மறுத்த நிலவுடைமையாளர்க்கு எதிராக ஐயன்காளி வேலைநிறுத்தம் அறிவித்தார். உழவும் களையெடுப்பும் நின்றன. அதுகாறும் ‘இழிந்தோர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் கை இல்லாமல் தம் கலத்தில் சோறு விழாது என்பதை அப்போதே பலர் உணர்ந்தனர். 1975 அக்டோபர் 24ஆம் நாள் ஐசுலாந்து நாட்டில் பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்தினர். தந்தையர் பிள்ளைகளைத் தொழிலிடங்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டு நீதிமன்றங்களோ, சாலை விபத்தில் இல்லத்தரசி ஒருத்தி உயிரிழந்தால் அவள் செய்துவந்த வீட்டுவேலைக்கு மதிப்பிட்டு இழப்பீடு வழங்குகின்றன. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. இறந்த பின்பு எண்ணப்படும் மதிப்பு, அவள் உயிரோடு அடுப்பின் முன் நிற்கும்போது எண்ணப்படக் கூடாதா?

நிற்க. ‘அன்பினால் செய்வதற்குக் கணக்குப் பார்க்கலாமா?’ என்பது எல்லாவற்றிலும் வலிமையான தடை. இதனை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. தாய் பிள்ளைக்கு ஊட்டும் கவளத்தில் அன்பு இருக்கிறது. அதனைக் கூலியாக்கிப் பேசுவது மனத்துக்கு உவப்பன்று. ஆனால் அன்பு இருவழிப்பட்டது. ஒருவர் எப்போதும் கொடுக்க, மற்றவர் எப்போதும் பெறுவது அன்பின் இலக்கணமாகாது. தானம் என்பது தன் விருப்பத்தால் கொடுப்பது. மறுக்கும் உரிமை இல்லாதவள் தருவது தானமாகாது, வரியாகும். அவள் ஒருநாள் காய்ச்சலால் படுத்தபோது வீட்டில் அடுப்பு எரியவில்லையெனின், அங்கே அன்பு எத்திசையில் மட்டும் ஓடியது என்பது விளங்கிவிடும்.

இவ்விடத்தில் நம் நூல்கள் கூறுவனவற்றை நோக்குவோம். சிங்காலனுக்கு இல்லறத்தார் கடமைகளை விளக்கிய புத்தர், கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவற்றை ஐந்தாக வகுத்தார். மதித்தல், இழிவுபடுத்தாமை, பிறழாமை, அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல் என்பன அவை. மனைவியின் கடமைகளை மட்டும் ஓதி ஆணின் கடமைகளை விட்டுவிடும் நீதிநூல்கள் மலிந்த நாட்டில், ஆணின் கடமையை முதலில் வைத்த சிறப்பு இதற்கு உண்டு. ஆனால் ‘அதிகாரத்தை ஒப்படைத்தல்’ என்பதற்குப் பிற்கால உரைகாரர், அகப்பையை அவள் கையில் கொடுத்து அடுக்களையை அவள் விருப்பப்படி நடத்த விடுதல் என்று பொருள் கூறினர். அக்காலத்துக்கு அது பெரிதாக இருந்திருக்கலாம். அகப்பையைப் பிடிக்கும் அதிகாரம் உடையவளுக்கு அதனைக் கீழே வைக்கும் அதிகாரமும் இருந்தால்தான் அது முழு அதிகாரம் என்பது நம் துணிபு.

சோமை என்னும் பிக்குணியிடம் மாரன், இருவிரல் அறிவுடைய பெண்ணால் உயர்நிலையை எய்த முடியாது என்று ஏளனம் செய்தான். சோறு வெந்ததா என்று இருவிரலால் நசுக்கிப் பார்க்கும் பழக்கத்தைச் சுட்டியதே அவ்வேளனம் என்று உரை கூறுகின்றது. வாழ்நாள் முழுதும் பெண்ணைச் சோற்றுப் பானையின் முன் நிறுத்திவிட்டு, அவள் அறிவு பானையளவே என்று சிரிப்பவன் மாரன். சோமை, உள்ளம் ஒருமைப்பட்டு அறிவு விளங்கியவர்க்குப் பெண்மை என்ன தடை செய்யும் என்று விடையிறுத்து அவனை விலக்கினாள். இன்றும் ‘பெண்ணுக்கு என்ன தெரியும்?’ என்ற குரல் வீடுகளில் எழுகையில், அது யாருடைய குரல் என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

விநயத்தில் இதனினும் தெளிவான செய்தியொன்று உண்டு. சில பிக்குகள் தம் ஆட்டுமயிரைக் கழுவவும் சாயமிடவும் பிக்குணிகளை ஏவினர். அதனால் பிக்குணிகளின் ஓதலும் வினவலும் தியானமும் தடைப்பட்டன. மகாபஜாபதி கோதமி வாயிலாக இதனை அறிந்த புத்தர், உறவல்லாத பிக்குணியிடம் அவ்வேலையை வாங்குவது குற்றமென்று விதித்தார். தம் பழந்துவராடையை அவர்களைக் கொண்டு துவைப்பிப்பதும் அவ்வாறே குற்றமாயிற்று. இவ்விதி துறவிகளுக்கு உரியது. ஆயினும் அதன் காரணம் இல்லறத்தார்க்கும் பொருந்துவது. பெண்ணின் நேரம் அவளுடையது. அவள் அறிவு வளர்வதற்கு உரியது. ஆண் தன் வசதிக்காக அதனை எடுத்துக்கொள்ளலாகாது. பௌர்ணமிக் கூட்டங்களில் ஆண்கள் அமர்ந்து தம்ம உரை கேட்கையில், பெண்கள் பின்கட்டில் பொதுவுணவுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்களாயின், அக்கூட்டம் எந்த விதியை மீறுகின்றது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

வேலையைப் பங்கிடும் முறைக்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் ஒரு சோலையில் ஒன்றாக வாழ்ந்தனர். பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கை விரித்துத் தண்ணீர் வைப்பார். கடைசியில் உண்டவர் கலம் கழுவி இடத்தைப் பெருக்குவார். நீர்க்குடம் வெறுமையாக இருப்பதைக் கண்டவர் நிரப்புவார். தூக்க இயலாவிடில் மற்றவரைச் சைகையால் அழைப்பார். யார் செய்வதென்ற பூசல் அங்கே எழவில்லை. ‘கண்டவர் செய்க’ என்பதே அவர்களது நியதி. வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவித் தூய்மை செய்தனர். உலகத்தார் போற்றும் ஆசானுக்கு இழிவாகாத வேலை, நம் வீட்டு ஆண்மகனுக்கு எவ்வாறு இழிவாகும்?

இக்காலத்தில் எல்லையின் இருபுறமும் இதுபற்றிய சிந்தனை எழுந்துள்ளது. 2024இல் கேரளம் தன் பாடநூல்களைப் புதுப்பித்தபோது, மூன்றாம் வகுப்பு நூலொன்றில் தந்தை அடுக்களையில் அமர்ந்து தேங்காய் துருவும் படத்தை அச்சிட்டது. எட்டு வயதுக் குழந்தை அதனைக் கண்டு வீட்டிற்கு வந்து ‘நம் அப்பா ஏன் துருவுவதில்லை?’ என்று கேட்டால், அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியரல்லர். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15ஆம் நாள், குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. உதவித்தொகை என்னாமல் ‘உரிமைத் தொகை’ என்று அதற்குப் பெயரிட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில், இல்லத்தைப் பேணிய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒன்று பாடம், ஒன்று பணம், ஒன்று தீர்ப்பு. மூன்றும் வேண்டத்தக்கனவே. ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் ஒரு வீட்டின் எச்சில் கலத்தைக் கழுவமாட்டா. அதனைக் கழுவ ஒரு கை வேண்டும்.

பெண்களுக்கும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. ‘ஆண்பிள்ளை அடுக்களைக்கு வரலாமா?’ என்று மகனைத் தடுக்கும் தாய்மார் உளர். அவர்களை நாம் பழிக்கவில்லை. வெளியில் எந்த அதிகாரமும் தரப்படாதவளுக்கு அடுக்களை ஒன்றே ஆட்சி. அதனை விட்டுக்கொடுக்க அவள் தயங்குவது இயற்கை. ஆகவே வேலையைப் பகிர வரும் ஆண், மேற்பார்வையாளனாக வரலாகாது. அவள் பேச்சுக்கு வீட்டுக் கணக்கிலும், நிலம் வாங்குவதிலும், பிள்ளைகள் படிப்பிலும் இடம் தந்துகொண்டே வர வேண்டும். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், மனைவி கணவனுக்கு அடிமையாக அல்லாமல் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். சமமாக நிற்க வேண்டுமாயின் இருவருக்கும் நிற்க நேரம் வேண்டும். குனிந்தே இருப்பவள் நிற்பது எங்ஙனம்?

அன்பர்களே! இதற்குப் பெருந்தியாகம் தேவையில்லை. உண்டவர் தம் கலத்தைத் தாமே கழுவுக. முதலில் எழுந்தவர் அடுப்பு மூட்டுக. குடம் வெறுமையாக இருப்பதைக் கண்டவர் நிரப்புக. மகளுக்குக் கற்பிக்கும் சமையலை மகனுக்கும், மகனுக்குத் தரும் விளையாட்டு நேரத்தை மகளுக்கும் கொடுங்கள். தம்ம உரை நடக்கும் நாளில் ஆண்கள் முறைவைத்துச் சமைத்து, பெண்களை முன்வரிசையில் அமரச் செய்யுங்கள். பிறப்பினால் தொழில் இல்லை என்று ஊருக்கு உரைக்கும் நாம், அதனை முதலில் உரைக்க வேண்டிய இடம் நம் அடுக்களை. அங்கே அதனைச் சொல்லால் உரைக்க வேண்டுவதில்லை. அகப்பையைக் கையில் எடுத்தால் போதும்.